மாதக் கணக்கும் ஆயுள் கணக்கும்

(ஜொகூர் பாருவில் மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சபைத் தலைவர் அவர்களே, தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் சற்றுக் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் சகோதரர்களே,

நம் வீடுகளில் நீர்க்கட்டி என்று தணிந்த குரலில் சொல்லப்படுவதும், மருத்துவர்களின் சீட்டில் பிசிஓஎஸ் என்று எழுதப்படுவதுமான ஒரு சரீரக் கோளாற்றைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையாயிருக்கிறது. ஒலிபெருக்கி வைத்துப் பேசத்தக்க விஷயமா இது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இனிப்பு நீர் என்னும் நீரிழிவைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தே உரக்கப் பேசிக்கொள்ளுகிற நாம், வயது வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு ஆகவில்லை என்ற செய்தியை மாத்திரம் அடுப்படிக்கு அப்பால் போகாதபடி காத்துவருகிறோம். அந்தக் காவலால் எந்தப் பெண்ணுக்கும் நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை. இந்தக் கோளாறு உடையவர்கள், பிள்ளைபெறும் வயதிலுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 10 முதல் 13 பேர் என்றும், அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்த மண்டபத்தில் நூறு பெண்கள் இருப்பார்களானால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நான் இன்று வற்புறுத்த வந்தது ஒரே ஒரு காரியம். இதைக் குழந்தைப் பேற்றோடு மாத்திரம் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஆரம்பித்து, பிள்ளை பிறந்துவிட்டால் தீர்ந்தது என்று முடித்துவிடுகிறோம். உண்மையில் இது பூப்படைந்த சில ஆண்டுகளுக்குள் தலைகாட்டி, மாதவிலக்கு நின்ற பின்னரும் வேறு ரூபங்களில் தொடர்ந்து வருகிற ஆயுட்கால விஷயம். நம்மவர்களைப் பொறுத்தமட்டில், நாற்பதாம் வயதில் வரப்போகும் இனிப்பு நீரை இருபதாம் வயதிலேயே அறிவிக்கும் முன்னறிவிப்பாகவும் அது இருக்கக்கூடும். அறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இருபது வருஷ அவகாசம் கிடைக்கிறது. படியாதவர்களுக்கு அது வீணாகிறது.

இக்கோளாறு நவநாகரிகத்தின் படைப்பு என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இத்தாலியில் வல்லிஸ்னியேரி என்ற வைத்தியர் 1721-ஆம் ஆண்டிலேயே, பிள்ளையில்லாத, சற்றுப் பருத்த ஓர் இளம் குடியானவப் பெண்ணின் சூலகங்கள் வழக்கத்தைவிடப் பெரிதாயும், புடைப்புகளோடு வெளுத்துப் பளபளப்பாயும், புறா முட்டை போன்று இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். பின்னர் 1935-ஆம் ஆண்டில், சிகாகோ நகரத்தில் ஸ்டைன், லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள், மாதவிலக்குத் தடைப்பட்ட ஏழு பெண்களின் விருத்தாந்தத்தை வெளியிட்டனர். ஒவ்வொருவரின் சூலகத்திலிருந்தும் ஆப்பு வடிவமாக ஒரு துண்டை வெட்டியெடுத்த பிறகு எழுவருக்கும் மாதவிலக்குத் திரும்பிற்று, இருவர் கருவுற்றனர். அதனால் இது சூலகத்தின் நோய், கத்தியால் தீர்வது என்ற கருத்து நெடுங்காலம் நிலைபெற்றது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1980-ஆம் ஆண்டில், இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதைக் காட்டிய பிறகுதான், விஷயம் சூலகத்தைக் கடந்து சரீரம் முழுவதையும் தழுவியது என்பது விளங்கலாயிற்று.

அது எவ்வாறு என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். உண்ட ஆகாரத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துவது இன்சுலின் என்னும் ஹார்மோனின் வேலை. சிலருடைய தசைகள் பிறவியிலேயே அதற்கு எளிதில் இணங்குவதில்லை. இணங்காத தசைகளை இணங்கவைக்கக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்துபோன அந்த இன்சுலின், தசைகளிடம் தோற்றாலும் சூலகத்தினிடம் தோற்பதில்லை. பெண்களுக்கும் இயல்பாகவே சிறிதளவு இருக்கின்ற ஆண்தன்மை ஹார்மோன்களை அளவுக்கு மேல் சுரக்கும்படி சூலகத்தைத் தூண்டுகிறது. அதே சமயத்தில், அந்த ஹார்மோன்களைக் கட்டிவைக்க ஈரல் உண்டாக்கும் ஒரு புரதத்தையும் குறைத்துவிடுகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தாளமும் இவற்றோடு மாறிப்போக, மாதந்தோறும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிப்பட வேண்டிய கிரமம் குலைகிறது. அதிகாலையில் ஜொகூர் பாலத்துச் சோதனைச் சாவடியில் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நின்றும், வாயில் திறவாமையால் ஒன்றும் அக்கரை சேராதது போல, முட்டைகளைத் தாங்கிய சின்னஞ்சிறு நுண்பைகள் பாதி வளர்ச்சியில் சூலகத்தின் ஓரத்தில் வரிசையாகத் தேங்கிவிடுகின்றன. ஸ்கேன் படத்தில் கட்டிகள் என்று நமக்குக் காட்டப்படுபவை இவையே. இவை ஒரு சென்டிமீட்டரையும் எட்டாதவை. புற்றுநோயாக மாறுபவை அல்ல. அறுத்தெடுக்க வேண்டியவையும் அல்ல. வயிற்றில் கட்டி என்று கேட்ட மாத்திரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் கலங்கிப்போவதற்கு அவசியமே இல்லை.

இனி, இதை அறிந்துகொள்ளும் லட்சணங்களைச் சொல்லுகிறேன். முதலாவது மாதக் கணக்கு. பெண் பூப்படைந்த முதல் வருஷத்தில் முறை தவறி வருவது இயற்கை. அதற்காகப் பயப்பட வேண்டாம். மூன்று வருஷம் கழிந்த பின்னும், ஒரு மாதவிலக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 35 நாளுக்கு மேல் ஆகிறதென்றாலும், வருஷத்தில் எட்டு முறைக்குக் குறைவாக வருகிறதென்றாலும், அது விசாரிக்க வேண்டிய காரியம். முதல் வருஷம் கடந்த எந்தப் பெண்ணுக்கும் ஒருமுறையேனும் 90 நாள் தாண்டிப்போகுமானால், அல்லது பதினைந்து வயதாகியும் பூப்படையவில்லையானால், தாமதம் கூடாது. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ராகுகாலமும் விரத நாளும் பார்க்கிற நாம், அதே நாட்காட்டியில் ஒரு சிறு புள்ளி வைப்பதற்கு மறந்துவிடுகிறோம். ஆறு மாதப் புள்ளிகளைக் கையில் கொண்டுவருகிற பெண், மருத்துவருடைய வேலையில் பாதியைச் செய்து முடித்தவளாகிறாள்.

இரண்டாவது, ஆண்தன்மை ஹார்மோன்கள் மிகுந்ததன் அடையாளங்கள். மேலுதட்டிலும் முகவாயிலும் மார்பிலும் அடிவயிற்றிலும் தடித்த உரோமம் முளைப்பது, இருபது வயது கடந்தும் ஓயாத முகப்பரு, நடு உச்சியில் முடி மெலிந்து வகிடு அகலுவது ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மஞ்சள் பூசி மறைப்பதும் அழகு நிலையத்தில் நூல் கொண்டு நீக்குவதும் குற்றமல்ல. ஆனால் அடையாளத்தை அழித்துவிட்டு அதன் காரணத்தை மறந்துவிடலாகாது. இதோடு சேர்த்து, தாய்மார்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. சில பெண்களின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுத் துணி போன்றிருக்கும். ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று கடிந்து, கடலைமாவும் எலுமிச்சம்பழமும் கொண்டு தோல் சிவக்குமட்டும் தேய்க்கிற தாய்மார் நம்மில் அநேகர். அந்தக் கறுப்பு அழுக்கன்று; இரத்தத்தில் இன்சுலின் மிகுந்துவிட்டதைத் தோல் வெளியே காட்டுகிற விதம் அது. எந்தச் சோப்புக்கும் அது போகாது.

மூன்றாவது, ஸ்கேன் படத்தில் தெரியும் சூலகத்தின் தோற்றம். முறைதவறிய மாதவிலக்கு, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, சூலகத் தோற்றம் என்னும் இம்மூன்றில் இரண்டு இருந்தாலே நோய் உறுதியாகும் என்று 2003-ஆம் ஆண்டில் ராட்டர்டாம் நகரத்தில் கூடிய நிபுணர்கள் வகுத்தனர். 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி, வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் என்னும் இரத்தப் பரிசோதனையையும் அனுமதிக்கிறது. முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. பூப்படைந்து எட்டு வருஷம் நிரம்பாத இளம் பெண்களுக்கு ஸ்கேனைக் கொண்டு தீர்மானிக்கவே கூடாது. ஏனெனில் அந்த வயதில் ஆரோக்கியமான சூலகமும் அவ்வாறே தோன்றும். கல்யாணமாகாத பெண்ணை உள்ளே பரிசோதிப்பார்களோ என்று அஞ்சி வராமலிருப்பவர்கள் உண்டு. வேண்டுமாயின் வயிற்றின் மேலேயே கருவியை வைத்துப் பார்க்கலாம். தைராய்டுக் குறையும் புரோலாக்டின் மிகுதியும் இதே வேஷத்தில் வரக்கூடுமாதலால் அவற்றையும் இரத்தத்தில் பார்த்து விலக்கிய பிறகே பெயர் சூட்ட வேண்டும். சில மாதங்களுக்குள்ளாகவே குரல் தடித்து உரோமம் விரைந்து பெருகுமானால், அது வேறு கடுமையான நோயாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பருத்தவர்களுக்கே இது வரும் என்பது பரவலான பிழை. மெலிந்த பெண்களுக்கும் வருகிறது. மெலிவின் காரணமாகவே யாரும் சந்தேகிக்காமல் விடப்படுகிறது.

நம்மவர்களை இது ஏன் விசேஷமாகப் பற்றுகிறது என்பதற்கு வருகிறேன். பிரிட்டனில் குடியேறிய தெற்காசியப் பெண்களைப் பரிசோதித்து 1998-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சூலகங்கள் இத்தோற்றம் கொண்டிருந்தன. தோற்றமுடைய எல்லோரும் நோயாளிகள் அல்லர் என்பதை மறக்கலாகாதெனினும், அந்தத் தொகை ஆராய்ச்சியாளர்களையே திகைக்க வைத்தது. இலங்கையைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன லீட்ஸ் நகரத்து மருத்துவர்களோடு சேர்ந்து 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பீடு இன்னும் தெளிவானது: வெள்ளைக்காரப் பெண்களைக் காட்டிலும் தெற்காசியப் பெண்களுக்கு இந்நோய் இளவயதிலேயே தோன்றுகிறது, உரோமமும் கழுத்துக் கறுப்பும் அதிகம், இன்சுலினும் அதிகம். இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், 15 முதல் 39 வயதுவரையுள்ள பெண்களில் 6.3 சதவீதத்தினருக்கு இது இருந்தது.

இந்நாட்டுக் கணக்கு ஒன்றையும் இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதத்தினர் இனிப்பு நீர் உடையவர்கள் என்று கண்டது. இந்தியர்களை மாத்திரம் தனியே எடுத்தால் அது 31.4 சதவீதம், மூவரில் ஒருவர் என்று சொன்னால் அதிகம் பிசகாது. இரண்டு நோய்களுக்கும் இன்சுலினுக்கு இணங்காத சரீரமே ஆதாரமாயிருக்க, இந்தத் தொகையில் நம் பெண்களின் மாதக் கணக்கும் மறைந்து கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம். குளுவாங்கிலும் கூலாயிலும் சிகாமட்டிலும் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து பால்மரம் வெட்டி, வாளி சுமந்து திரும்பிய நம் பாட்டிமார்களுக்கும் இந்தச் சரீர அமைப்பு இருந்திருக்கக்கூடும். உழைப்பு அதைத் தலையெடுக்க விடவில்லை போலும். அவர்களுடைய பேத்திமார் இன்று பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் தொழிற்சாலை இயந்திரத்தின் முன்னே மாறி மாறி வரும் ஷிப்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லது காலை நான்கு மணிக்கு எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய், இரவு திரும்பி, கிடைத்ததை உண்டு படுக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்தோம்; தோட்டத்துப் பசியை விட்டு வரவில்லை. எட்டு மணி நேரம் மரம் வெட்டியவர் உண்ட சோற்றின் அளவை, எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரும் உண்ணுகிறார்.

ஆகவே சிகிச்சையின் முதற்படி சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது. நம் சுகாதார அமைச்சு "சுகு சுகு செபாரு" என்று ஒரு முறையைப் பரப்பிவருகிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். வாழையிலையில் சோற்றை மலையாகக் குவித்து, ஓரத்தில் ஒரு கரண்டிக் கூட்டை வைக்கும் நமது வழக்கத்தை அப்படியே தலைகீழாக்கினால் போதும். வேறு விசேஷப் பத்தியம் இதற்கு இல்லை. புட்டியில் அடைத்த பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 40 சென் என்று 2019 ஜூலை முதல் தேதியில் அரசாங்கம் வரி விதிக்கத் தொடங்கியது. டின் பால் ஊற்றிக் கடையில் ஆற்றித் தருகிற தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. ஆனால் நம் சரீரம் தன் வரியைத் தவறாமல் வசூலித்துக்கொள்ளும். "தே ஓ கோசோங்" என்று, பாலும் சர்க்கரையும் சேராத தேநீரைக் கேட்கப் பழகுவது செலவில்லாத சிகிச்சை.

அடுத்தது தேகப்பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடையும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சியும் வேண்டும். எடை இறங்காவிட்டாலும் பயிற்சி வீண் போவதில்லை. உழைக்கிற தசை இன்சுலினுக்கு இணங்கத் தொடங்குகிறது. எடை மிகுந்தவர்கள், உள்ளதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே மாதவிலக்கு முறைப்படுவதைப் பலரிடம் காண்கிறோம். எழுபது கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. கல்யாணத்துக்கு முன் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.

மருந்துகள் மூன்று வகை. பிள்ளை வேண்டாத காலத்தில் மாதவிலக்கைச் சீராக்கவும் உரோமத்தையும் பருவையும் தணிக்கவும் கருத்தடை மாத்திரையை மருத்துவர் தருவதுண்டு. கல்யாணமாகாத பெண்ணுக்கு இதையா கொடுப்பது என்று பெற்றோர் பதறுகிறார்கள். மாத்திரையின் பெயர் எதுவானாலும் இங்கே அது ஹார்மோனைச் சமன்செய்யவே கொடுக்கப்படுகிறது. நிறுத்திய பின் கருவுறும் சக்தியைக் கெடுப்பதில்லை. மாதக்கணக்கில் விலக்கு வராமல் இருந்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போய், நாளடைவில் அங்கே புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. மாத்திரை அதையும் தடுக்கிறது. புகைப்பவர்கள், இரத்தக் கொதிப்புள்ளவர்கள், கண்முன் ஒளி தெறித்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாமல் போகலாமாதலால், அண்டை வீட்டுக்காரியிடம் கடன் வாங்கி விழுங்கக்கூடாது. இரண்டாவது, இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபார்மின். ஆரம்பத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சிறிது சிறிதாக ஏற்றினால் பெரும்பாலும் பழகிவிடும். மூன்றாவது, பிள்ளை வேண்டுவோருக்குத் தரும் லெட்ரோசோல். 750 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், பழைய மருந்தாகிய குளோமிஃபீன் உண்டவர்களில் 19.1 சதவீதத்தினரும், லெட்ரோசோல் உண்டவர்களில் 27.5 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர். மருந்தே இல்லாமல் கருவுறுவோரும் அநேகர்.

கழற்சிக்காயும் கருஞ்சீரகமும் வெந்தயமும் இதைத் தீர்க்கும் என்று கைப்பேசியில் ஓயாமல் செய்தி வருகிறது. வெந்தயத்தைக் குழம்பில் போடுவதை நான் தடுக்கவில்லை. இவற்றை நம்பி மருந்தை நிறுத்துவதையும், சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைப்பதையும்தான் வேண்டாம் என்கிறேன்.

சிகிச்சையில் சேர்க்க வேண்டிய ஒன்று மருந்துக் கடையில் கிடைக்காது. இக்கோளாறுடைய பெண்களுக்கு மனச்சோர்வும் கவலையும் மற்றவர்களைவிட மிகுதி என்பது நிச்சயிக்கப்பட்ட உண்மை. முகத்து உரோமத்தையும் உடற்பருமனையும் பற்றி உறவினர்கள் பந்தியில் செய்யும் பரிகாசத்துக்கு அதில் பங்குண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மடி நிறையவில்லையென்றால் மருமகளைக் கோயில் கோயிலாக அனுப்புகிற மாமியார், மகனை ஒரு பரிசோதனைக்கு அனுப்ப மறுக்கிறார். கணவனின் விந்துப் பரிசோதனை ஒரு நாள் காரியம். அது முடியுமுன் மனைவிக்கு மருந்து தொடங்குவது முறையன்று. பின்வரிசையில் இருக்கும் சகோதரர்களை நான் ஆரம்பத்திலேயே வணங்கியது இதற்காகத்தான்.

பிள்ளை பிறந்த பின்னும் கணக்கு முடிவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறுவதும் இரத்தக் கொதிப்பு வருவதும் இவர்களுக்கு அதிகம். ஆதலால் நோய் உறுதியான அன்றே 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொண்டு, ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை மாத்திரம் பார்த்தால் சிலரிடம் தப்பிவிடும். இரத்த அழுத்தமும் கொழுப்பும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கவை.

இதற்கெல்லாம் செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே சீட்டுப் பெற்றுக்கொண்டால், ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகளும், மூவாரில் சுல்தானா ஃபாத்திமா, பத்து பஹாட்டில் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைகளும் பெண்களுக்கான நிபுணர்களோடு இருக்கின்றன. காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருப்பது சும்மா இருப்பதைக் காட்டிலும் மேல்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளிடம், கடைசியாக எப்போது மாதவிலக்கு ஆயிற்று என்று கேளுங்கள். கண்டிக்கும் குரலில் அல்லாமல், பரீட்சை முடிவைக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேளுங்கள். அவளுக்குக் கணக்கு நினைவில்லையென்றால் நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். பூப்படைந்து மூன்று வருஷம் கழிந்தும் இடைவெளி 35 நாளைத் தாண்டுகிறதென்று தெரிந்தால், ஒரு வெள்ளியை எடுத்துக்கொண்டு அவளோடு கிளினிக்குக்கு நீங்களும் போங்கள். இதைச் செய்யக் கல்யாணம் வரையில் காத்திராதீர்கள்.